சுங்கை சிப்புட்டில் உப்பில்லாத சீசன்

காலை ஏழரைக்குக் கோலாலம்பூரிலிருந்து ரயில் கிளம்பியபோது என் கைப்பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று ஈப்போவுக்கான ரயில் சீட்டு, நாற்பத்தாறு வெள்ளி. இன்னொன்று அன்றைக்கு ராத்திரி எங்கள் கிள்ளான்காரர்கள் கொண்டாடும் அணியின் முதல் ஆட்டத்துக்கானது. நாட்டின் முதல்தரக் காற்பந்து லீக் அன்றுதான் புது சீசனைத் தொடங்குகிறது. சீசனின் முதல் ஆட்டத்தை நான் விட்டதே கிடையாது. பிள்ளை பெற்ற வருஷம் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தவள் நான். இந்த வருஷம் அந்தச் சீட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கலாம், ஆனால் அவருக்குப் பந்து எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். அதனால் வயிற்றெரிச்சலோடு பையிலேயே வைத்துக்கொண்டு வடக்கே போனேன்.

வரச்சொன்னது என் சின்னம்மா மகள் அம்சவேணி. அவளும் அவள் புருஷன் ராஜுவும் சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டு வந்து சாப்பிடுகிற கடை, எல்லாம் ராஜு வறுக்கிற மட்டனுக்காக. அம்சா போனில் அழாத குறை. "அக்கா, நீ வந்து சொல்லுக்கா. பந்து விசயத்துல அவரு யாரு பேச்சையும் கேக்க மாட்டாரு. ஒனக்கு மட்டும்தான் மரியாத. வந்து அந்தக் காப்ப அறுக்கச் சொல்லு, இல்லாட்டி கடைய மூடிட்டு நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

அந்தக் காப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ராஜு ஒவ்வொரு சீசனுக்கும் முந்தின மாதம் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார். அவருடைய பேரா மாநில அணி அந்த சீசனில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்கும்வரை கறி, மீன், முட்டை, பீர் எதுவும் கிடையாது, சவரமும் கிடையாது. ஜெயித்த மறுநாள் பூசாரி கயிற்றை அறுப்பார். பிரச்சினை என்னவென்றால் தொழிலே மட்டன். சமைக்கலாமாம், ருசிக்கக் கூடாதாம். கை படலாம், நாக்குப் படக்கூடாது. இந்தச் சட்டத்தை அவருக்கு எந்தச் சாமி வந்து சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள். அம்சாவுக்கோ சின்ன வயதிலிருந்தே மட்டன் வாடை ஆகாது. ஆக உப்புப் பார்க்க ஆள் இல்லாமல் பயந்து பயந்து குறைத்துத்தான் போடுவார். ஊரே இதைப் பொறுத்துக்கொண்டது, கேலியும் பேசியது. பேரா ஜெயித்ததா என்று பேப்பரில் பார்க்க வேண்டாம், ராஜு கடையில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பார்கள்.

எப்படியும் இரண்டாவது மூன்றாவது ஆட்டத்தில் ஒரு வெற்றி வந்துவிடும், உப்பும் வந்துவிடும். இந்த வருஷம் வழக்கம்போல் காப்பைக் கட்டிக்கொண்டார். கட்டிய பிறகு சேதி வந்தது: இந்த சீசனில் முதல்தர லீக்கில் பேராவுக்கு அணியே இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆடாத அணி ஜெயிக்காது, ஜெயிக்காமல் என் தங்கச்சி புருஷன் கையிலிருக்கும் கயிறு இறங்காது என்பதுதான். பூசாரியே, "ஆத்தா ஒன்னும் சொல்ல மாட்டா, கழட்டிருவோம்" என்றாராம். ராஜு முடியாது என்றுவிட்டாராம்.

பத்து மணிக்கு ஈப்போ. ரயில் நிலையத்தின் வெள்ளைக் கோபுரங்களுக்குக் கீழே ராஜு நின்றுகொண்டிருந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகத்தை மறைத்த தாடி, மஞ்சள் ஜெர்சி, கையில் மஞ்சள் கயிறு. தோளில் காவடி ஒன்றுதான் குறை, மற்றபடி பத்துமலைக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"வாங்கக்கா. அம்சா அனுப்புனாளா?"

"ஏன் தம்பி, நானா வரக்கூடாதா?"

"இன்னிக்கு ஒங்க ஊர்ல ஆட்டம் இருக்கு. அத விட்டுட்டு நீங்களா வருவீங்களா? எனக்குத் தெரியாதாலா!" என்று சிரித்தார். தாடிக்குள் பல் மட்டும் தெரிந்தது. நான் அவருடைய பழைய வேனில் ஏறினேன். பின்னால் காலி காஸ் தொம்புகள் உருண்டன.

வேன் சுங்கை சிப்புட் பக்கம் திரும்பவில்லை. நேராக ஸ்டேடியத்துக்குப் போனது. சீசன் தொடங்குகிற நாள் காலையில் வாசலில் சிதறுதேங்காய் உடைப்பது இன்னொரு வழக்கமாம். "தம்பி, இன்னிக்கு இங்க ஆட்டமே இல்லையே" என்றேன். "சீசன் தொடங்குதுல்ல?" என்றார்.

வாசல் பூட்டியிருந்தது. சுவரொட்டி இல்லை, கொடி இல்லை, பானம் விற்கிறவர்கள் இல்லை. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் காவல் காக்கும் மலாய்க்கார ஜாகா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "ஹரி இனி தாக் அடா போலா, பாங்" என்றார், இன்றைக்கு ஆட்டம் கிடையாது அண்ணே என்று. சொன்னவர் கையில் துடைப்பம் இருந்தது. ராஜு வருவார் என்று தெரிந்து ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்! வருஷா வருஷம் உடைத்த தேங்காயைப் பெருக்கிவிட்டுப் போவது ராஜுவின் பழக்கமாம். கம்பிக்கு நடுவே துடைப்பத்தை நீட்டினார் ஜாகா.

ராஜு சூடம் காட்டி, தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தார். சில்லுகள் கதவுக்கு அந்தப் பக்கமும் தெறித்தன. ஜாகா குனிந்து ஒரு சில்லை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டார். "தாஹுன் டெபான்" என்றார் ராஜு. அடுத்த வருஷம். "இன்ஷா அல்லா" என்றார் அவர். பிறகு ராஜு மஞ்சள் சட்டையோடு அந்த வாசலைச் சுத்தமாகப் பெருக்கினார். பெருக்கி முடிக்கும்வரை நான் காப்பு விஷயத்தை எடுக்கவே இல்லை.

அங்கிருந்து சுங்கை சிப்புட் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஜெலாப்பாங், செம்மோர், கந்தான் என்று பழைய சாலையிலேயே போனோம். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள், சிலதைப் பாதி வெட்டி எடுத்துவிட்டார்கள், வெட்டிய பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது. கல் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு லாரிக்காரரும் ராஜுவைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

கந்தான் தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தேன். "தம்பி, ஒங்க பிடிவாதத்துக்குக் கடை என்ன பாவம் பண்ணுச்சு? எதிர்க்கடையில கூட்டம் கூடுதாமே. வேற யாரையாவது உப்புப் பாக்கச் சொல்லுங்களேன்."

"பாத்தாச்சுக்கா. தட்டுக் கழுவுற பையன் ஒரு அளவு சொல்றான், லாரி மாணிக்கம் ஒரு அளவு சொல்றான். என் சட்டி என் நாக்குக்குத்தான் கட்டுப்படும்."

"அப்ப அறுத்துருங்க. இல்லாத அணிக்கு எதுக்குக் காப்பு?"

வேனை ஓரமாக நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். இல்லை, சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். கண்ணுக்கு எட்டியவரை செம்பனை.

"இது நான் பொறந்த எஸ்டேட். ரப்பர வெட்டிட்டு இத நட்டாங்க. முடிஞ்சிருச்சு, கெளம்புன்னாங்க, எங்கப்பா கெளம்புனாரு. நாங்க குடியிருந்த லயத்த இடிச்சாங்க. முடிஞ்சிருச்சுன்னாங்க, சரின்னோம். பள்ளிக்கூடத்த தூக்கி டவுனுக்குக் கொண்டு போனாங்க, அதுக்கும் சரின்னோம். எல்லாத்துக்கும் சரி சரின்னே தலையாட்டி எனக்குக் கழுத்து வலிக்குதுக்கா. இப்ப வந்து ஒன் அணியும் முடிஞ்சிருச்சு, கயித்த அறுன்னா? நான் அறுத்தா, ஆமா முடிஞ்சிருச்சுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. மாட்டேன். இது ஒன்னுக்கு மட்டும் மாட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி வேனைக் கிளப்பினார்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு. மதிய நேரம், மேசைகளில் பாதி காலி. சோறு, மட்டன் வறுவல், ரசம், ஒரு காய், பதினான்கு வெள்ளி. எனக்குக் காசு வாங்க மாட்டார்கள் என்பது வேறு. வாயில் வைத்தேன். மிளகு இருக்கிறது, சோம்பு இருக்கிறது, கறி பஞ்சாக வெந்திருக்கிறது, உயிர்தான் இல்லை. மேசையில் உப்புச் சீசா இருந்தது, போட்டுப் பார்த்தேன். மேலே தூவிய உப்பு மேலேயே நின்றது.

அம்சா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். "பேசுனியா?"

"பேசுனேன். மசியல."

"தெரியும். அதான் நான் வேற ஏற்பாடு பண்ணிருக்கேன்" என்று குரலைத் தாழ்த்தினாள். பழைய எஸ்டேட் பாடாங்கில், அதுதான் திடலில், சாயங்காலம் ஓர் ஆட்டம். லாரிக்காரர்கள் பேராவின் மஞ்சள் சட்டை போட்டு ஆடுவார்கள், எதிரில் தாமான் பையன்கள், புதுக் குடியிருப்புப் பிள்ளைகள். பேராக்காரர்கள் அந்தச் சட்டையோடு ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஆத்தா ஏற்றுக்கொள்வாள் என்று பூசாரி சொல்லிவிட்டாராம். ராஜுவும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெசமா ஆடி ஜெயிச்சா ஜெயிச்சதுதான்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"நல்லதுதானே. ஜெயிப்பாங்களா?"

அம்சா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தாமான் பசங்களுக்குச் சொல்லி வச்சாச்சு. விட்டுக் குடுத்துருவாங்க. எல்லாருக்கும் கோழிப் பிரியாணி. நீ செய்ய வேண்டியது ஒன்னுதான், ஆட்டம் முடிஞ்சதும் நல்ல ஆட்டம், ஞாயமான வெற்றின்னு அவருகிட்ட சொல்லணும். நீ சொன்னா நம்புவாரு."

மனசு ஒப்பவில்லை. ஆனால் பாதி காலியாகக் கிடந்த மேசைகளையும் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் பார்த்தேன். சரி என்று தலையாட்டினேன்.

நாலரை மணி. செம்பனைக்கு நடுவே ஒரு கோயில், பக்கத்தில் பாடாங். லயம் போய்விட்டது, பள்ளிக்கூடம் போய்விட்டது, இந்த இரண்டை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருக்கிறார்கள். கோல் கம்பங்களுக்கு யாரோ புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். மோட்டாரிலும் லாரியிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள், நூறு பேருக்குக் குறையாது, பாதிப்பேர் மஞ்சள் சட்டை. உறுமி மேளக்காரர்கள் நாலு பேர் கோயில் வாசலில் வெளுத்து வாங்கினார்கள். ஒரு பெண் கச்சான் கடலை விற்றாள். ஒரு பொட்டலம் இரண்டு வெள்ளி. எங்கள் ஊர் ஸ்டேடியத்தில் குளிர்சாதன அறையெல்லாம் உண்டு, ஆனால் இந்த இரைச்சல் அங்கே கிடையாது.

ஆட்டம் தொடங்கியது. லாரி மாணிக்கம் முன்னால் ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, வயிறு முன்னால் போக அவர் பின்னால் போனார். தாமான் பையன் ஒருவன் குறுக்கே வந்து, பந்து காலுக்குப் பக்கத்தில் கிடக்க, எடுக்காமல் ஒதுங்கினான். கோல்கீப்பர் தப்பான பக்கம் விழுந்தான். அதுவும் மெதுவாக, மெத்தையில் படுக்கிறவன் மாதிரி. கோல்! கூட்டம் கத்தியது. ராஜு எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். அம்சா என் முழங்கையைக் கிள்ளினாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கடித்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது முறை. மாணிக்கம் தட்டிய பந்து உருண்டு உருண்டு போகிறது, நடக்கப் பழகுகிற குழந்தைகூட அதைப் பிடிக்கும். கோல்கீப்பர் குனிந்தான், கையை விரித்தான், காலுக்கு நடுவே விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான். முப்பது வருஷமாகப் பந்தாட்டம் பார்க்கிறவளுக்கு இதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? நான் எழுந்தது எனக்கே தெரியாது.

"டேய்! வெக்கமா இல்ல ஒனக்கு? ஆடுறதுன்னா ஆடு, இல்லாட்டி வீட்டுக்குப் போ! பிரியாணிக்காடா விழுற?"

உறுமி நின்றுவிட்டது. அம்சா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். ராஜு திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு கோல்கீப்பரைப் பார்த்தார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாம் விளங்கிவிட்டது. ராஜு எழுந்து பாடாங்குக்குள் நடந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து, நடுவட்டத்தில் கொண்டு வந்து வைத்தார்.

"ரெண்டு கோலும் செல்லாது. மொதல்லேருந்து. டேய் தாமான், நீங்க ஜெயிச்சாலும் பிரியாணி உண்டு, என் கணக்கு. மாணிக்கம், வயித்த உள்ள இழு. என் கயித்துக்காக யாரும் ஆட வேணாம். ஆட்டத்துக்காக ஆடுங்க."

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். தாமான் பையன்கள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள் மாதிரி பாய்ந்தார்கள். அதே கோல்கீப்பர் மூன்று முறை பறந்து பிடித்தான். மாணிக்கம் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி ஓடினார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கடைசி நேரத்தில் மஞ்சள் சட்டைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாணிக்கத்துக்கு முன்னால் திறந்த கோல். ராஜு கயிற்றை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பெரியாச்சியிலிருந்து முனியாண்டி வரைக்கும் கூப்பிட்டேன். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அதை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிய தாமான் பையன்கள் கோல் போட்டுவிட்டார்கள். நடுவர் விசிலடித்தார். பேரா தோற்றது.

மாணிக்கம் வந்து ராஜுவின் முன்னால் நின்று அழுதார், அவ்வளவு பெரிய ஆள். "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே."

"எதுக்குடா அழுவுற? இப்படி ஒரு தோல்வி பாத்து எத்தன நாளாச்சு!" என்று அவரைக் கட்டிக்கொண்டார் ராஜு. அவர் கண்ணும் நனைந்திருந்தது. ஆனால் முகம் அப்படிச் சிரித்து அன்றைக்கு முழுக்க நான் பார்க்கவில்லை. காப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கயிறு அவர் கையில் அப்படியே இருந்தது.

அம்சா மட்டும் என்னோடு பேசவில்லை. கடைக்குத் திரும்பும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஏழு மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டது, "பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணித் தரேன்" என்றபடி வெடுக்கென்று உள்ளே போனாள். பின்னாலேயே போனேன்.

"அம்சா, கோவமா?"

"ஒன்ன எதுக்குக் கூப்புட்டேன், நீ என்ன பண்ணிட்டு வந்து நிக்குற? அந்த வாய வச்சுக்கிட்டு ஒரு சாயங்காலம் சும்மா இருக்க முடியலல்ல ஒனக்கு?"

"முடியலடி."

அவள் இலையை விரித்துச் சோற்றை வைத்தாள், மட்டனை அள்ளி வைத்தாள். வெளியே இருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். பாடாங்கிலிருந்து லாரிக்காரர்களும் தாமான் பையன்களும் மொத்தமாக வந்து இறங்கியிருந்தார்கள். மதியம் காலியாக இருந்த மேசைகளில் இடமில்லை. வாசலில் நின்ற மாணிக்கம், "அக்கா, பிரியாணி அப்புறம். எல்லாருக்கும் மட்டன் போடுங்க" என்றார். ஒரு பையன் உப்புச் சீசாவை எடுத்தான். பக்கத்திலிருந்தவர் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டி அதைக் கீழே வைக்கச் சொன்னார்.

அம்சா திரும்பி வந்து என் பொட்டலத்தை மடித்து ரப்பர் வளையம் போட்டாள். வழக்கமாக உள்ளே வைக்கிற உப்புப் பொட்டலத்தைக் காணோம்.

"உப்பு வைக்கலையா?"

"எதுக்கு?" என்றாள். இன்னமும் கோபம்தான். ஆனால் உதடு கோணிக்கொண்டு வந்தது, சிரிப்பை அடக்குகிறவளுக்கு வருமே, அப்படி.

ரயிலில் ஜன்னலோர இடம். பக்கத்தில் தைப்பிங்கிலிருந்து வருகிற ஒரு நர்ஸ் பெண். தஞ்சோங் மாலிம் தாண்டும்போது என் கைப்பேசி குதிக்க ஆரம்பித்தது. எங்கள் அணி ஒரு கோல், இரண்டு கோல் என்று கிள்ளானிலிருந்து ஆளாளுக்கு அனுப்பினார்கள். பயன்படுத்தாத சீட்டு இன்னும் பையில் கிடந்தது. வருஷா வருஷம் என் அணி ஆடும் என்று நான் யோசித்ததுகூட இல்லை, காலையில் பல் தேய்க்கிற மாதிரி அது நடந்துகொண்டிருக்கிறது. ஆடாத அணிக்காக என் நாக்கை நான் கட்டிப் போடுவேனா? என்னிடம் நானே கேட்டுப் பார்த்தேன், பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ரயிலில் மட்டன் பொட்டலத்தைப் பிரிப்பது நாகரிகமில்லைதான். பிரித்தேன். நர்ஸ் பெண் மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, ராஜு அண்ணே கடையா? வாசம் தூக்குது."

"சாப்பிடும்மா" என்று இலையை நகர்த்தினேன். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். மென்றாள், நிறுத்தினாள், பையைத் துழாவி, மத்தியானச் சாப்பாட்டில் மிஞ்சிய ஒரு சின்ன உப்புப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "உப்பே இல்லியேக்கா."

அவள் கையை மெல்லத் தள்ளினேன். "வேணாம்மா. இந்த சீசன் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, இலையை வழித்துச் சாப்பிட்டேன்.